இரண்டு மணிக்கு வந்த வாசகர்கள்

"ஊரே வேலைக்கு ஓடிட்டு இருக்குது. நின்னு படிக்க எவனுக்கு பாப்பா நேரம்?"

அப்பா இதைச் சொன்னபோது, நான் எழுதிய முதல் ப்ளாக் கட்டுரையை அவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். போனை வாங்கி மேலிருந்து கீழ்வரை கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். அவருக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது.

"எவ்ளோ நீளமா எழுதிருக்கற" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர் அப்பா. பர்கூரில் இன்ஜினியரிங் முடித்தேன். அதன்பின் கிடைத்ததெல்லாம் கான்ட்ராக்டில் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நிற்கும் வேலை. அதற்கு இவ்வளவு படிக்க வேண்டியதில்லை என்று மறுத்துவிட்டேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. "இன்ஜினியர் அம்மாவுக்கு வழி விடுங்கடி, கை வலிக்கப் போவுது" என்று குழாயடியில் ஒரு அக்கா சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வந்தேன்.

ப்ளாக்குக்கு 'புதுசா வந்தவங்களுக்கு' என்று பெயர் வைத்திருந்தேன். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு முதன்முதலாக வருகிற பெண்களுக்காக எழுதினேன். ரூம் பார்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும், கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் எப்படிப் போவது, வீட்டுக்காரம்மா தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினால் சமாளிக்க நாலு வார்த்தை. நிறையப் பேர் படித்தால் விளம்பரம் வரும், அதுவே தொழிலாகிவிடும் என்று நம்பினேன். இணையத்தில் விற்பதைக் கற்றுத்தரும் வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: விடாமல் எழுதுங்கள். விடாமல்தான் எழுதினேன். வந்து பார்த்தவள் பெரும்பாலும் நான்தான்.

ஒரு வீடியோவில், உங்கள் வாசகருக்கு எப்போது கை ஓய்கிறதோ அப்போது போடுங்கள் என்றார்கள். அது எனக்கு உறைத்தது. இங்கே பல கம்பெனிகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். அப்படி வாங்கி வைக்கிற போன்களைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை. ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தார். காலை ஷிப்ட் விடுவது இரண்டு மணிக்கு. நான் அதற்குச் சற்று முன்னால் கட்டுரையைப் போட ஆரம்பித்தேன்.

சில நாட்களில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோடு இரண்டு மணிக்கு மேல் லேசாக எழும்பியது. சின்ன மேடுதான். ஆனால் மறுநாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. எங்கிருந்து பார்க்கிறார்கள் என்ற இடத்தில் பெங்களூரு என்று இருந்தது. ஓசூரில் இருந்து பார்த்தாலும் பல சமயம் அப்படித்தான் காட்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"பெங்களூர்ல படிக்கறாங்கப்பா" என்று சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"பெங்களூரா? பரவால்லியே" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

அந்த மேடுதான் என்னை எழுத வைத்தது. நேரம் பார்த்துப் போட்டதன் பலன் அது, என் படிப்பின் பலன் என்று நினைத்தேன். எழுத ஒன்றும் தோன்றாத நாட்களிலும், முகம் தெரியாத யாரோ இரண்டு மணிக்குக் காத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிடுவேன்.

மாம்பழ சீசன் முடிந்த சமயம், டியூட்டியில் இருக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. டீ குடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி எழுத உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எழுதி, அதே நேரத்தில் போட்டேன். கோடு எழும்பவில்லை. தலைப்பை மாற்றினேன், படங்களை மாற்றினேன், தேடுகிறவர்கள் அடிக்கும் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை நாள் பழகியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதுபோல் இருந்தது. ப்ளாக்கை மூடிவிட்டு லைன் வேலைக்கே போய்விடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அப்பாவின் யூனிஃபார்மைத் திருப்பித் தரச் சொல்லி செக்யூரிட்டி ஏஜென்சியில் கேட்டார்கள். துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அப்பாவோடு வேலை பார்த்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்தில் போன்கள் அடுக்கிய பெட்டி. சங்கு ஊதியது. பெண்கள் டோக்கனை நீட்டிக்கொண்டு வரிசையில் வந்தார்கள்.

"நம்ம அண்ணா பொண்ணும்மா" என்று அவர் ஒரு பெண்ணிடம் சொன்னார்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எழுதுவாங்களே, அந்தக்காவா?"

எனக்குப் புரியவில்லை.

"போன திருப்பிக் குடுக்கும்போதே, இன்னிக்கு எம்பொண்ணு எழுதுனத படிச்சுட்டுப் போம்பாரு. நேரமில்லன்னா போன இறுக்கிப் புடிச்சுக்குவாரு. படிக்கறேன்னாத்தான் போனத் தருவேம்பாரு. பஸ்ஸு கெளம்பிரும்னு நாங்க கத்துவோம்."

"அவருக்குத்தான் எழுத்து தெரியாதே" என்றேன்.

"எங்க போன்ல கூகுள் மைக்க அமுத்தி அவரே பேசுவாருக்கா. 'புதுசா வந்தவங்களுக்கு'ன்னு. வரலன்னா இன்னும் சத்தமாப் பேசுவாரு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பின்னால் நின்றவள் கேட்டாள்: "கான்ட்ராக்டர் மாறினா பழைய பிஎஃப் என்னாவும்னு எழுதச் சொல்லி அண்ணாகிட்ட சொன்னமே. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லியிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "இந்த பிஎஃப் பத்தி ஏதாச்சும் எழுதேன் பாப்பா" என்றார். அவருடைய சொந்தக் கவலை என்று நினைத்து, பிஎஃப் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து, இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நா என்னாத்தக் கண்டேன். தெனம் மத்தியானம் போன் பண்ணி, பாப்பா போட்டாளான்னு கேப்பாரு. போட்டாம்பேன். வச்சிருவாரு" என்றாள்.

அப்படியானால் பெங்களூரு என்று நான் சொன்ன அன்று அவர் என்ன நினைத்திருப்பார்? தன் கேட்டில் நின்ற பெண்கள்தான் என்று தெரிந்தே சும்மா இருந்தாரா, இல்லை, அவ்வளவு தூரத்திலும் படிக்கிறார்கள் என்று நிஜமாகவே நம்பிச் சந்தோஷப்பட்டாரா? இனிமேல் இதை யாரிடமும் கேட்க முடியாது. நின்று படிக்க எவனுக்கு நேரம் என்று கேட்டவர், தினமும் ஆளைப் பிடித்து நிறுத்திப் படிக்க வைத்திருக்கிறார். நான் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை.

பிஎஃப் கட்டுரையை எழுத நாளாயிற்று. தெரிந்தவர்களிடம் கேட்டு, அலைந்து, சரிபார்த்து எழுதினேன். நேற்று அதைப் போட்டுவிட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கேட்டுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. ஆளைக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. முதலில் வந்தவள், லிங்க் அனுப்பட்டுமா என்று நான் கேட்டதும், "அய்யோ, தொட்டா பணம் போயிரும்" என்று விலகிப் போனாள். அடுத்து வந்த பெண்ணை வழிமறித்து, அவள் போனைக் கேட்டு வாங்கி, மைக்கை அமுக்கி, சத்தமாகப் பேசினேன்.