வெளிச்சம் ஆகாத அறை

எங்கள் நுரையீரல் ஆஸ்பத்திரியில் லேப் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது, பார்த்தவர்கள்தான் குறைவு. பதினெட்டு வருஷமாக அடித்தளத்து அறையில் வேலை. பெரிய டாக்டரின் ஆராய்ச்சிக்காக, மூச்சு வாங்கி வருகிறவர்களின் ரத்தத்தில் நுரையீரலைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். அந்தச் சத்து வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் குழாய்களுக்கு அலுமினியத் தாள், ஜன்னலுக்குக் கறுப்புத் தாள். அளக்க ஊற்றுகிற ஆசிட்டின் நெடி வெளியே போக வழியே இல்லை. "எனக்குச் சூரியன் காலண்டர்லதான்டி உதிக்குது" என்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். ஆள் தேடிச் சலித்துப்போய் அக்கா தன் கையையே நீட்டிவிட்டார். மாதம் ஒருமுறை ஊசி குத்தி எடுப்பது நர்ஸான நான். "ஆரோக்கியம், எண் ஒன்று" என்று எழுதி ஒட்டுவதும் நான்தான்.

ஆறு மாதமாக அவருக்கு இருமல். "நெடிடி, வேறொண்ணுமில்ல." போன மாதம் அவர் அளவு நோயாளிகள் அளவுக்கு இறங்கிவிட்டது. மருந்தைச் சந்தேகப்பட்டார், மிஷினைச் சந்தேகப்பட்டார், என்னையும் ஒரு பிடி பிடித்தார். மூன்று முறை அளந்தும் அதேதான்.

ஆராய்ச்சியில் நோயாளியாகச் சேர்ந்தால் ஸ்கேன் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். தன்னையும் அப்படிச் சேர்க்கச் சொல்லி அக்கா டாக்டரிடம் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"ஸ்டாஃப் நோயாளியா சேர முடியாதும்மா, ரூல்ஸ். ஆரோக்கியமானவங்களாத்தான் சேரலாம்" என்றார் டாக்டர், தலை நிமிராமல். "இனிமே உங்க ரத்தம் வேணாம். வேற ஆளைப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும், "நாளைக்கு வெளிநோயாளி வரிசையில நில்லுங்கக்கா" என்றேன்.

"எப்படிடி? நீ எட்டு மணிக்கு எடுக்கற ரத்தத்தைப் பத்துக்குள்ள அளக்கணும். அந்த வரிசை நகர மதியமாயிடும். இங்க வேற யாரு இருக்கா?"

"ஒருநாள் கெட்டாக் கெடட்டுமே!"

"மூச்சு விட முடியாதவங்க கை நீட்டிக் குடுத்ததுடி."

மறுநாள் வேண்டுமென்றே குழாய்த் தட்டைக் கீழே அனுப்பாமல் வைத்திருந்தேன். வரிசைக்குப் போவார் என்று ஒரு நப்பாசை. எட்டரைக்கு அவரே படியேறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"குடுடி. இதுங்க வெளிச்சத்துல நிக்காது."

தட்டோடு இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருமுவது மேலே வரை கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தட்டில் முதல் குழாயில் அக்காவுக்குப் பதிலாக இருந்தது என் ரத்தம். "ஆரோக்கியம், எண் ஒன்று" என்று காலையில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.