தனம்மாவைக் கேட்கணும்

என் மகள் நித்யாவுக்கு எட்டு மாதம் முடிந்த வாரம், விரல் நுனி அளவு தயிர்சாதத்தை மசித்து அவள் நாக்கில் வைத்தேன். விடுப்பை நீட்டித்து வீட்டில் இருந்த காலம் அது. அதுவரை தாய்ப்பாலும் அரிசிக் கஞ்சியும்தான். சப்புக்கொட்டினாள். பத்து நிமிடத்தில் மேலுதடு வீங்கியது. கொசு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். அடுத்த வாரம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது, வாந்தியும் எடுத்தாள்.

குரோம்பேட்டையில் குழந்தை மருத்துவர் ஒருவர் பசும்பால் ஒவ்வாமை (பாலில் உள்ள புரதத்தைப் பகையாளி என்று நினைத்து உடம்பு சண்டை போடுவது) என்றார். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்பவுடர் சேர்த்த பிஸ்கட், எதுவும் கூடாது. "வளர வளர நிறைய குழந்தைங்களுக்கு சரியாயிடும்மா. அதுவரைக்கும் நீங்கதான் காவல்," என்றார்.

நான் எங்கே காவல் இருந்தேன்? விடுப்பு முடிந்த பிறகு, காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினால், கிண்டி அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மாலை ஆறு தாண்டிவிடும். என் கணவர் மறைமலை நகரில் ஷிப்டு வேலை பார்த்தார். நித்யாவை சேலையூரில் ஒரு வீட்டில் நடந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். அங்கே ஆயாவாக இருந்த தனம்தான் காவல் இருந்தாள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலர் இப்படி ஒரு குழந்தையை யார் கையிலாவது விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். பயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயத்தோடு சேர்ந்து வரும் இன்னொன்றைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அது பொறாமை.

முதலில் எல்லா அம்மாக்களிடமும் பொறாமைப்பட்டேன். ரயிலில் எதிரே உட்காருபவள், "எங்க பையன் பாலைக் கண்டாலே ஓடறான்" என்று சலித்துக்கொள்வாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருக்கும். பிறகு அந்தப் பொறாமை எல்லாம் ஒரே ஆள் மேல் திரும்பியது.

தனத்துக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. மருத்துவர் எழுதித் தந்த பட்டியலை ஒருமுறை வாசித்துக் காட்டினேன், அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். காலையில் மற்ற பன்னிரண்டு குழந்தைகளும் பால் குடித்ததும் ஒவ்வொருவருக்கும் கையையும் வாயையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் விளையாட்டுச் சாமான்களைத் தொடவிடுவாள். நித்யாவின் தட்டையும் தம்ளரையும் ஜன்னல் மேல் தனியாக வைத்திருந்தாள். வாசலிலேயே எல்லா அம்மாக்களையும் நிறுத்தி, டிபன் டப்பாவில் என்ன என்று கேட்பாள். ஒருநாள் என்னையும் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, இந்த பிஸ்கோத்துல பால் கீது. பாக்காம வாங்கியாந்துட்டியா?"

உறையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது. அதை அவள் கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது.

மற்ற குழந்தைகள் சாப்பாட்டின் கடைசியில் தயிர்சாதம் சாப்பிடும்போது நித்யா ஏங்கிப் பார்ப்பாளாம். தனம் தேங்காய்ப்பாலில் சாதத்தைப் பிசைந்து, உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் விட்டு, கடுகு தாளித்து, அதையே தயிர்சாதம் என்று ஊட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானும் செய்தேன். நித்யா ஒரு வாய் வாங்கிவிட்டு, "தனம்மாது மாதிரி இல்லை" என்றாள். மிச்சத்தை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

யார் எதைக் கொடுத்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தனம்மாவைக் கேட்கணும்" என்று சொல்ல நித்யாவைத் தனம் பழக்கியிருந்தாள். அந்த ஒரு வாக்கியம்தான் என் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு மூன்று வயது நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு விஜயாவின் பெண்ணோடு விளையாடப் போனாள். நானும் கூட இருந்தேன். விஜயா ஒரு தட்டு நிறைய ஜவ்வரிசி வடாம் பொரித்துக் கொண்டுவந்தாள். நித்யாவின் கைகள் பின்னால் போயின.

"தனம்மாவைக் கேட்கணும்."

விஜயா சிரித்தாள். "என்னங்க இது, பக்கத்துல நீங்க இருக்கீங்க, ஆயாவைக் கேட்கணுங்கறா! இவளுக்கு அம்மா யாரு?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வடாமில் என்ன இருக்கும்? ஜவ்வரிசி, பச்சைமிளகாய், உப்பு, புளிப்புக்கு எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பிழிவதுதானே. "நான்தான் உன் அம்மா. நான் சொல்றேன், சாப்பிடு," என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வடாம் சாப்பிட்டாள்.

நாலாவதை எடுக்கும்போது இருமினாள். உதடு தடித்தது, குரல் மாறியது, மூச்சு விசிலடித்தது. ஆட்டோவில் என் மடியில் அவள் துவண்டு கிடந்தாள். மருத்துவமனையில் அட்ரினலின் (சுருங்கும் மூச்சுக்குழாயைத் திறந்து, இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடும் மருந்து) ஊசி போட்டார்கள். அனாபிலாக்சிஸ் (உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கும் கடுமையான ஒவ்வாமை) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"வடாம்ல பால் எப்படி வந்தது?" என்று மருத்துவர் கேட்டார்.

பின்னாலேயே ஓடிவந்திருந்த விஜயா அழுதாள். "நான் புளிச்ச மோர் ஊத்திதான் கூழ் காய்ச்சுவேன் டாக்டர். இவங்க கேட்கவே இல்லையே."

நான் கேட்கவில்லை. அன்று எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை.

நான்காம் நாள் தனத்திடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "எலுமிச்சம்பழமா மோரான்னு கேக்கலியாம்மா?" என்றுதான். அந்த வாரமே வேறு காப்பகம் தேடக் கிளம்பினேன். ஓரிடத்தில் ஒரே துண்டால் எல்லாக் குழந்தைகளின் வாயையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ரொம்பப் பேசமாட்டார். "யாருக்குத் தண்டனை கொடுக்கறே?" என்று மட்டும் கேட்டார். தேடுவதை நிறுத்தினேன்.

அதன் பிறகு நித்யா புதிதாக எதையும் என் கையிலிருந்து வாங்கவில்லை. தெரிந்த இட்லி, தெரிந்த ரசம் சாதம் சாப்பிடுவாள். தெரியாத ஒன்றை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். தடிப்பு ஒரே நாளில் மறைந்தது. வாயை மூடிக்கொள்வது இரண்டு வருடம் நீடித்தது.

ஐந்து வயதில் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பால் சோதனைக்கு (ஊசியும் மருந்தும் பக்கத்தில் தயாராக இருக்க, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பார்ப்பது) நாள் குறித்தார்கள். நான் ஸ்பூனை நீட்டினேன். வாய் திறக்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வேற யார் கொடுத்தா குடிப்பா?" என்று மருத்துவர் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லை சார்," என்றேன்.

அடுத்த சோதனைக்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். என் மகள் இன்னும் மூன்று மாதம் பயத்தோடு சாப்பிட வேண்டியிருந்தது, நான் ஒரு பெயரைச் சொல்லாததால். அந்த மூன்று மாதமும் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. கடைசி வாரம் தனத்திடம் போய்க் கேட்டேன்.

உடனே தலையாட்டுவாள் என்று நினைத்திருந்தேன். "வேணாம்மா. இத்தினி வருசமா வேணாம் வேணாம்னு சொன்னது இந்த வாயி. இப்ப குடின்னு எப்டி சொல்றது? எதுனா ஆயிட்சின்னா நான் உசிரோட இருப்பனா?"

அதைத்தான் நான் ஒருமுறை செய்துவிட்டு உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னேன். சோதனை நாளன்று தனம் லீவு சொல்லிவிட்டு எங்களோடு வந்தாள்.

"தனம்மா, குடிக்கலாமா?" என்று நித்யா கேட்டாள்.

"குடி கண்ணு. டாக்டர் கீறாரு, அம்மா கீறாங்க, நான் கீறேன்."

உதட்டில் ஒரு சொட்டு. கால் மணி கழித்து ஒரு ஸ்பூன். அப்புறம் இரண்டு, பிறகு கால் தம்ளர். ஒவ்வொரு முறையும் உதட்டின் நிறத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மதியம் இரண்டரை மணிக்கு ஒரு முழுத் தம்ளர் பால் உள்ளே போயிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு, "போயிடுச்சும்மா. இனிமே எல்லாம் கொடுங்க," என்றார் மருத்துவர். நானும் தனமும் கட்டிப்பிடித்து அழுதோம்.

திரும்பி வரும்போது ரயிலில் நித்யா தனத்தின் மடியில் தூங்கினாள். மீனம்பாக்கம் தாண்டியதும் தனம் கேட்டாள்: "இனிமே யாரு குடுத்தாலும் துன்னுவா இல்ல?"

"ஆமாம்," என்றேன். எத்தனையோ நாளாகக் காத்திருந்த பதில் அது. சந்தோஷமாகவே சொன்னேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அதுவரை அதைச் சுமந்துகொண்டிருந்தவள் நான். ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஜூன் மாதம் நித்யா காப்பகத்தை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போனாள்.

இப்போது ஏழாவது படிக்கிறாள். பால்கோவாவை டப்பாவோடு காலி செய்கிறாள். அவள் எதைச் சாப்பிட்டாலும் என் கண் முதலில் உதட்டுக்குப் போகிறது, பிறகு கடிகாரத்துக்கு. என் உடம்பு இன்னும் ஒரு நாளை அரைமணி அரைமணியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. உதடு வீங்குவதென்றால் அதற்குள் வீங்கிவிடும்; அரைமணி ஆனபிறகே தோள் தளர்கிறது. பொறாமைப்பட எனக்கு இனி ஆள் இல்லை. போன வாரம் யாரோ தோழி கொடுத்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். என்ன அது என்று நான் கேட்பதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. அவள் இப்போது யாரையும் கேட்பதில்லை.