பேனரில் ஏறிய டாக்டர் பட்டம்

என் மனைவியின் அண்ணன் ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் விவசாயி. வயல் வேலை இல்லாத நேரத்தில் சுளுக்கு எடுப்பார். நல்லெண்ணெய் தடவி, கட்டைவிரலால் நரம்பைத் தேடிப் பிடித்து வழித்துவிடுவார். ஊசி, மாத்திரை, கஷாயம் எதுவும் கிடையாது. காசும் வாங்குவதில்லை. எலும்பில் விரிசல் இருக்குமோ என்று தோன்றினால் தொடவே மாட்டார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிடுவார். ஊரில் எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் மரியாதையாகிவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

போன தை மாதம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் பேனர் வைப்பார்கள். நிச்சயத்தைச் சும்மா விடுவார்களா? ஊர் இளைஞர்கள் மண்டப வாசலை மறைக்கிற அளவுக்கு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட அவர்களுடைய முகங்களுக்கு நடுவே மைத்துனரின் படம். பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'டாக்டர்'.

மைத்துனரைத் தனியே இழுத்துப் போனேன். அந்த வாரம் முழுவதும் போலி மருத்துவர்களைத் தேடிச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

"மச்சான், இதை உடனே கழட்டச் சொல்லுங்க. பதிவு இல்லாம டாக்டர்னு போட்டா கேஸ் ஆயிடும்."

"விடுங்க மாப்ள. நானா போட்டேன்? பயலுவ ஆசையா வெச்சிருக்கானுவ."

"ஜெயிலுக்கும் அவனுவளே போவானுவளா?"

அவர் முகம் மாறியது. ஆனால் அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது.

தட்டு மாற்றும் நேரத்தில் ஜீப்பும் வந்தது. சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், ஒரு காவலர். அதிகாரி வாசலில் நின்று தணிவாகத்தான் கேட்டார்: "இங்க டாக்டர் யாருங்க?"

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வராது. அதிகாரியும் சுளுக்கோடு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"வாங்க சார், உக்காருங்க. கையா, காலா?"

"கழுத்தா இருந்தாலும் பயப்படாதீங்க சார். ஒரே இழுப்புதான்!"

நடவு வேலைக்குப் போகும் அம்மாள் ஒருவர் முன்னால் வந்தார். "என் இடுப்பை அவருதான் சரி பண்ணாரு. இப்ப எப்படிக் குனியிறேன், பாருங்க" என்று பட்டுப்புடவையோடு குனிந்தே காட்டினார். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைத்துனர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே சம்பந்தி, கையில் தாம்பூலத் தட்டோடு. 'ஆமாம்' என்றால் ஜீப்பில் ஏற வேண்டும். 'இல்லை' என்றால், இத்தனை பெரிய பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? தட்டு இன்னும் மாறவில்லை.

"நான் டாக்டர் இல்லைங்க சார். எட்டாவதுதான் படிச்சிருக்கேன். விவசாயம் பாக்குறேன். சுளுக்கு வழிப்பேன், அவ்வளவுதான்."

ஊசி போடுவதுண்டா, மருந்து கொடுப்பதுண்டா, பணம் வாங்குவதுண்டா என்று அதிகாரி கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. அப்படியானால் இது என்ன என்று பேனரைக் காட்டினார். மைத்துனர் அதைக் கட்டிய இளைஞர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சித்தாவா இருந்தாலும் படிச்சுப் பதிவு பண்ணினவங்கதாங்க டாக்டர்னு போடலாம். முதல்ல இதை இறக்குங்க. இனிமே யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா நீங்களே தடுக்கணும். மறுபடி புகார் வந்தா சும்மா போக மாட்டேன்."

ஜீப் போனது. எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம்.

"எங்களுக்குத் தெரியாதாங்க?" என்றார் அவர். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு முட்டி வரைக்கும் சேத்தோட வந்துல்ல வாங்கன்னு கூப்பிட்டீங்க! இன்னிக்கு இந்த பேனரைப் பாத்துட்டு, இது வேற யாரு வீட்டு விசேஷமோன்னு டிரைவர் வேனைத் திருப்பிட்டான். நாந்தான் போட்டோவைப் பாத்து நிப்பாட்டினேன்."

மண்டபம் அதிர்ந்தது. முதலில் சிரித்தது மணப்பெண்தான். தட்டு மாறியது.

மறுநாள் காலை வரப்பில் கால் பிசகிய ஒருவர் "டாக்டர்..." என்று நொண்டிக்கொண்டு வந்தார். மைத்துனர் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டார்.

"அண்ணன்னு கூப்பிடு. அப்பறம் காலை நீட்டு."