பிப்பெட்டில் கட்டிய சிவப்பு நூல்

இராஜபாளையத்தில் என்னிடம் கெமிஸ்ட்ரி படித்து இன்ஜினீயரானவர்கள் எத்தனையோ பேர். சும்மா சொன்னேன். நான் கழுவிக் கொடுத்த குடுவையில் படித்தவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். நாலாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, ஆசிட் பட்டால் எப்படி எரியும், காஸ்டிக் பட்டால் எப்படி எரியும் என்கிற அளவுக்குத்தான் கெமிஸ்ட்ரி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் சார் ஒருவர், உரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடத்தினார். காலேஜ் சீட்டுக்குப் பிராக்டிகல் மார்க்கும் முழுசாக வேண்டும் என்று அங்கேயே சின்ன லேப் வைத்திருந்தார். அட்டெண்டர், வாட்ச்மேன், டீ வாங்குகிறவன் எல்லாம் நான்தான்.

பிப்பெட் என்பது கண்ணாடிக் குழாய். ஒரு நுனியைக் காஸ்டிக் கரைசலில் விட்டு, மறுநுனியை வாயில் வைத்து, கோடு வரைக்கும் உறிஞ்சவேண்டும். இருந்த சில பிப்பெட்டுகளை எல்லாரும் மாற்றி மாற்றித்தான் உறிஞ்சினார்கள்.

செட்டியார்பட்டி காலனியிலிருந்து கஸ்தூரி வந்து சேர்ந்தாள். அப்பா மில் தொழிலாளி. அவள் பள்ளிக்கூடத்து லேப் வருஷம் முழுக்கப் பூட்டியே கிடந்ததாம். பிப்பெட்டை முதன்முதலில் தொட்டதே எங்கள் மாடியில்தான்.

பப்ளிக் பிராக்டிகல் நெருங்கும்போது, பஞ்சுக்கடை வீட்டம்மா ஒருவர் படியேறி வந்தார்.

"காலனிப் பிள்ள வாய் வச்ச குழாயில எம் பையன் வாய் வைக்கணுமாக்கும்? இதுக்கா சார் ஒங்ககிட்ட அனுப்புதோம்?"

"எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவுதேன்மா," என்றேன்.

"ஒன்னய யாரு கேட்டா?"

அவர் போனதும் சார் என்னிடம் சொன்னார்: "ஏலே, ஒரு பிப்பெட்ல செவப்பு நூலக் கட்டி வையி. அது அந்தப் பிள்ளைக்கு. ஒண்ணும் சொல்லாம கையில குடுத்துரு."

எந்தக் கிணற்றில் இறைத்தாலும் தண்ணீர் எச் டூ ஓ-தான் என்று போர்டில் எழுதிப் போட்டவரும் இவரேதான்.

வந்த ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூல்கண்டு வாங்கி எல்லா பிப்பெட்டிலும் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மூணு முடிச்சு. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை, கை பழகினதும் ஆச்சு.

அடுத்த கிளாஸில் சார் பார்த்தார்.

"ஏலே கோட்டிக்காரா, எதுலே அவளோடது?"

"நூலு கட்டச் சொன்னீக, கட்டிட்டேன் சார். எம் புத்திக்கு அம்புட்டுத்தான் எட்டுச்சு."

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. சார் அவள் பக்கம் திரும்பாமலே, "நீ இன்னைக்கு உக்காந்து பாரும்மா. பாத்தாலே போதும்," என்றார். அவருக்கு வைத்த ஆப்பு அவள் தலையில் இறங்கிவிட்டதே!

அவள் உட்காரவில்லை.

"அடுத்த வாரம் எனக்குப் பிராக்டிகல் சார். பாத்தா கை பழகாது."

ஒரு பிப்பெட்டை எடுத்தாள். கோடு வரைக்கும் உறிஞ்சி, குடுவையில் விட்டு, இண்டிகேட்டர் சேர்த்தாள். ரோஸ் நிறம் வந்தது. பியூரெட்டைத் திறந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கடைசியில் ஒரே சொட்டில் நிறம் போயிற்று. பொறவு அடுத்த பிப்பெட்டை எடுத்து உறிஞ்சி, கரைசலைத் திரும்ப விட்டாள். அதற்கடுத்தது. ஒன்று பாக்கியில்லை.

"இப்ப சந்தேகமில்ல சார். எல்லாமே என்னோடதுதான். வேணுங்கிறவிய எடுத்துக்கிடட்டும்."

முதலில் கை நீட்டியது பஞ்சுக்கடைப் பையன்தான். கழுவக்கூட இல்லை. நல்ல பையன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கும் சீட்டு வேண்டும். பரீட்சை வரைக்கும் கஸ்தூரியை உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு வந்துவிட்டது. வாய் வைத்தால் ஆபத்தாம். நான் அங்கே கற்றுக்கொண்டது இவ்வளவுதான் தம்பிகளா: வாயைப் பொத்துப்போக வைக்கும் காஸ்டிக்குக்கு அந்த மாடியில் ஒருத்தரும் பயப்படவில்லை. ஒரு பிள்ளையின் எச்சிலுக்குப் பயந்தார்கள். படித்தவர்கள்!

விஷயம் தெரிந்து அந்தம்மா மறுபடியும் படியேறி வந்தார்.

"நூலு கட்டுன பய எவன்?"

ஈரக்கையைத் துடைக்காமலே முன்னால் போய் நின்றேன்.

"நான்தாம்மா. அவளுக்குப் பொறவு மொத ஆளா உறிஞ்சினது ஒங்க பையன்தான். அவனுக்கு எந்தக் கலர் நூலு கட்டட்டும், சொல்லுங்க."

அதற்கு அந்தம்மா என்ன செய்தார் என்றால்...

"ஏங்க! தண்ணி வந்து செத்த நேரமாச்சு. கொடத்தத் தூக்கிட்டு வாரீகளா, நானே போகட்டா?"

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள் தம்பிகளா. இந்தா வாரேன்.