அகிலாண்டத்தின் இரண்டு பாடகர்கள்

நகராட்சிக் குழாய் கருப்பையாவின் சலூனை ஒட்டி இருந்தது. அதனால் அகிலாண்டேஸ்வரி அக்கா குடம் நிறையும் வரை, தன் வீட்டு ஆண்களைப் பற்றிய வழக்கைத் தினமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். வெள்ளிமணி இன்னிசைக் குழுவில் யார் நல்ல பாடகர்? முதலில் பாடிய சிவசங்கரனா, அவருக்குப் பின் வந்த முத்துவீரனா? சிவசங்கரன் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். முத்துவீரன் அவள் கணவர்.

அறுபத்து நான்கில் குழு தொடங்கியபோது ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, ஒரு கிட்டார், வாடகை மைக் செட், இவ்வளவுதான். மானகிரி, திருப்பத்தூர் என்று திருவிழாக்களுக்குப் போய்ப் பாடினார்கள். எல்லாம் சினிமாப் பாட்டுகள். ஆனால் சிவசங்கரன் மேல்ஸ்தாயியில் ஒரு வரியை இழுத்து நிறுத்தினால், கடலை விற்பவன்கூட விற்பதை நிறுத்திவிடுவான் என்று சொல்வார்கள். அறுபத்தொன்பதில் அவர் சினிமாவில் பாடப்போவதாக மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிகள் பாக்கி இருந்தன. பின்னால் நின்று கூடப் பாடிக்கொண்டிருந்த முத்துவீரனை முன்னால் தள்ளினார்கள். பகலில் தச்சுப் பட்டறையில் வேலை செய்துவிட்டு, தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு அவர் மேடையேறினார். அப்படியே தங்கிவிட்டார்.

“சங்கரன் பாடுனா பாட்டு. மாப்பிள்ளை பாடுனா கதவை இழைக்கிற மாதிரியில்ல இருக்கு” என்பார் கருப்பையா, ஒருவர் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவியபடி.

சைக்கிள் கடை சுந்தரம் விடமாட்டார். “இழைச்சாத்தானய்யா வழவழப்பு. உம்ம சங்கரன் எல்லாப் பாட்டையும் ஒரே அழுகையா அழுவாரு. கல்யாண வீட்டுல அழுகையா கேப்பாக?”

“அழ வைக்கிறதுக்கும் ஒரு குரல் வேணும்ப்பா.”

“உம்ம கத்தியே போதும், அழ வைக்க.”

நுரைக்குள்ளிருந்தவர் சிரித்துவிட, கருப்பையா கத்தியை எடுத்துக்கொண்டு கோபமாக நிற்பார்.

கருப்பையா சிவசங்கரனைக் கேட்டது தன் கல்யாணத்துக்கு முன், ஊர் ஊராகத் திரிந்த நாட்களில். சுந்தரம் சொந்தக் கடை போட்ட வருடம்தான் முத்துவீரன் பாட வந்தார். அவர்கள் குரல்களைப் பற்றி மட்டும்தான் சண்டை போட்டார்களா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

“ஆத்தா, நீயே சொல்லு. அண்ணனா, புருசனா?” என்று குழாயடியைப் பார்த்துக் கேட்பார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே பானைச் சோத்தைத்தான் போட்டிருக்கேன். வேணும்னா நீங்களும் வந்து சாப்புட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து வாங்க முடியாது. அவள் கெட்டிக்காரி என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்த எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவளுக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் யாரோ ஒருவருக்கு வலிக்கும் என்பதும் தெரியும்.

எழுபத்து மூன்றில் அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சிவசங்கரன் வராமல் நடக்காது. நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் வருகிறார் என்றதும் சலூனில் வேறு பேச்சே இல்லை. காதுகுத்துப் பந்தலில் குழு பாடப்போகிறது. இரண்டு பேரும் ஒரே மைக்கில் பாடினால் வழக்கு தீர்ந்துவிடும்.

முதல் நாள் மாலை அடுப்படியில் நான் அக்காவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சிவசங்கரன் உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. தொண்டைக்குள் ஏதோ வளர்ந்து, ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். கரகரத்துப் பேச முடிந்தது. பாட முடியாது, இனி எப்போதும் முடியாது.

“சினிமாவுல தோத்துட்டேன்னு ஊர்ல சொல்லட்டும் ஆத்தா, பரவாயில்ல. குரல் போயிருச்சுன்னு மட்டும் தெரிய வேணாம். அந்தக் குரல் அவுக காதுலயாவது இருக்கட்டும்.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளலாம். நிலைப்படியில் நின்றிருந்த முத்துவீரன் மெதுவாகச் சொன்னார்: “நீங்க வந்து மணையில உக்காருங்க மச்சான். மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.”

மறுநாள் பந்தலில் காதுகுத்து வீட்டாரைவிடப் பாட்டுக் கேட்க வந்தவர்களே அதிகம். முத்துவீரன் இரண்டாம் பாட்டை முடிப்பதற்குள் கூச்சல் எழுந்தது.

“சங்கரண்ணே! ஒரு பாட்டு!”

சிவசங்கரன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“ரயில் காத்து கட்டிருச்சா? கட்டுன குரலே போதும்ணே, நாலு வரி!” கருப்பையா மைக்கைக் கழற்றிக் கொடுக்கவே எழுந்துவிட்டார்.

அப்போது அக்கா வீட்டுக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல நேரம் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. பத்தர் இன்னும் காதுகுத்தும் ஊசியைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவள் அண்ணனை மணையில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மடியில் வைத்தாள்.

“பிள்ளையை மடியில வாங்கியாச்சு. காது குத்தி முடியிற வரைக்கும் தாய்மாமன் எந்திரிக்கக் கூடாது. தெரியாத மாதிரிக் கேக்குறீக?”

அது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். யாரும் மறுக்க முடியவில்லை.

ஊசி குத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுது மாமனை இறுகக் கட்டிக்கொண்டது. அது அடங்கியதும் மறுபடி கூச்சல். “முடிஞ்சிருச்சுல்ல, இப்பப் பாடச் சொல்லு!”

முத்துவீரன் மைக்கை இறுகப் பிடித்தார். “இன்னைக்கு என் பிள்ளை காதுகுத்து. நான்தான் பாடுவேன். வேற யாருக்கும் மைக்கு கெடையாது” என்றார். சொல்லிவிட்டு, இலை போடும் வரை இடைவெளியே விடாமல் பாடினார். கூட்டத்தில் பாதி முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடப் போனது. மணையில் உட்கார்ந்தபடி, தூங்கிப்போன பிள்ளையின் முதுகைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் சிவசங்கரன்.

அவர் ரயிலேறிய பிறகு சலூனில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒருநாள் முத்துவீரன் முகம் மழிக்க உட்கார்ந்தபோது கருப்பையா நேராகவே கேட்டார்.

“மச்சான் பாடிட்டா உம்ம பொழப்பு போயிரும்னு பயந்துட்டீருல்ல?”

சுந்தரம்கூட அன்று செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அக்காவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நானும் என் குடத்தோடு பின்னால் நின்றேன்.

“ஆமா” என்றார் முத்துவீரன் கண்ணாடியைப் பார்த்தபடி. “பயந்துட்டேன். அந்தக் குரலுக்கு முன்னாடி நான் எங்க நிக்கிறது?”

கருப்பையாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருட வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார்.

“கேட்டியா ஆத்தா? உம் புருசனே ஒத்துக்கிட்டாரு. இப்பவாவது நீ சொல்லு, யாரு பெரிய பாட்டுக்காரரு?”

அக்கா குழாயை மூடினாள்.

“எங்க வீட்டுக்காரருதான்.”

“அட, புருசனை எவ விட்டுக்குடுப்பா!” சலூனே சிரித்தது. முத்துவீரன் மட்டும் சிரிக்கவில்லை. சோப்பு நுரைக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதுவதற்கு முன் சிவசங்கரனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பெயர்களை மட்டும் மாற்றிவிடச் சொன்னாள் அக்கா. மாற்றியிருக்கிறேன்.