கரண்டி யார் கையில்

நான் திருநெல்வேலிக்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஒரு திருச்சபை மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். அங்கே நான் செய்த முதல் தப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்.

கெல்லர் என்றொரு தச்சர். எழுபது வயது, மனைவி இல்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் கரண்டி பிடித்தால் சூப்பில் பாதி நெஞ்சில் வழியும். பார்க்கப் பொறுக்குமா? நம் ஊரில் ஒரு பெரியவரை அப்படி விட்டால் வீட்டுக்கே அவமானம். முதல் நாளே கரண்டியை வாங்கி ஊட்டிவிட்டேன். பத்து நாள் ஊட்டினேன். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நன்றியில் வாயடைத்துப் போனார் என்று நினைத்துக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனம் அப்படி!

பதினோராம் நாள் வார்டுக்கு வந்த டாக்டர் கெல்லரின் சார்ட்டைப் புரட்டினார்.

"தானா சாப்பிட முடியலைன்னு எழுதியிருக்கே. ரெண்டு வாரம் பார்ப்போம். இப்படியே இருந்தா வீட்டுக்கு விட முடியாது, முதியோர் இல்லந்தான்."

சார்ட்டில் இருந்தது என் கையெழுத்து. அன்றிரவு அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

என் அறையில் தங்கியிருந்த ரோஸி அக்காவும் நர்ஸ்தான், எங்கள் ஜில்லா நாசரேத்து ஊர்க்காரி, வாய் அடங்காது. "ஏட்டி, அவரு என்ன கைக்கொழந்தையா? கரண்டிய அவர்ட்ட குடுத்துட்டு வெளிய வா."

அப்படியே செய்தேன். தட்டு தொடப்படாமல் திரும்பி வந்தது. மறுநாளும் அதே கதை.

புதன்கிழமைகளில் பாதிரியார் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். விலங்குக்கு அதன் இயல்பே வழிகாட்டுகிறது, மனிதன்தான் தன் வழியைத் தேர்ந்தெடுக்கிறான் என்று மானுடவியல் சொல்கிறது, கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்று பைபிள் சொல்வதும் அந்தச் சுதந்திரத்தைத்தான் என்றார். நான் எழுந்தேன்.

"ஐயா, சுதந்திரமாப் படைச்சவர், தனியாச் சாப்பிடவா படைச்சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை சிஸ்டர். கூடி வாழ்றதும் அதே சாயல்தான். ஆனா அதை வார்டுல எப்படிச் செய்றதுன்னு எனக்குத் தெரியலை."

அப்படி ஒப்புக்கொண்டதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

மறுநாள் என் டிபன் டப்பாவோடு போய் கெல்லருக்கு எதிரில் உட்கார்ந்தேன். நோயாளியோடு சாப்பிடக் கூடாது என்பது விதி. ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். ரசம் மணிக்கட்டைத் தாண்டி ஓடியது. கெல்லர் அதையே பார்த்தார்.

"நீங்க என்னைவிட மோசம், சிஸ்டர்!"

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு இடது கையால் கரண்டியை எடுத்தார். சூப் வழிந்தது. துடைக்கப் போன கையை நானே அடக்கிக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்த தலைமை சிஸ்டர், "டப்பாவை இங்க கழுவாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் அப்படியே சாப்பிட்டோம். கெடு முடிந்த அன்று டாக்டர் முன்னால் கெல்லர் ஒரு கிண்ணம் சூப்பைத் தானே குடித்து முடித்தார். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகளே, கரண்டியைப் பிடுங்குவதும் தப்பு, கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதும் தப்பு. நான் இரண்டையும் செய்தவள்.

அடுத்த ஞாயிறு அவர் அழைத்து வீட்டுக்குப் போனேன். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. அவர் தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி. என் தட்டுக்குப் பக்கத்தில், கை கழுவ ஒரு கிண்ணம் தண்ணீர்.