அத்தை முகம் போட்ட ரூபாய்

ஈயம் உருகும்போது ஒரு வாடை வரும். தொண்டையில் இனிப்பாக இறங்கிப் பிறகு குமட்டும். மில் மூடியபின் வேலையில்லாமல் இருந்த என் தாய்மாமா, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மீன்வலையில் கனத்துக்குக் கட்டும் ஈயக் "குண்டு"களைப் பழைய கரண்டியில் உருக்கிய அந்தக் கோடை முழுவதும், எங்கள் துணிகளில்கூட அந்த வாடை ஒட்டியிருந்தது.

மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, காமாலையில் போய்ச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கல்யாணத்தில் எடுத்த ஒரே படமும் புயல் மழையில் ஊறி, மாலை மட்டும் மிஞ்சி முகம் அழிந்திருந்தது. ஒருநாள் ஒரு ரூபாய் நாணயத்தில் இருந்த, இறந்துபோன ஒரு தலைவரின் முகத்தைத் தடவிக்கொண்டே மாமா, "செத்தவங்க மொகத்த காசுல போட்டு வெச்சிக்கிறாங்க. அழியவே மாட்டுது பாரு" என்றார். மறுநாளே களிமண்ணில் அச்சு செய்யத் தொடங்கினார். சிங்கம் உள்ள பக்கத்தை அசல் ரூபாயை அழுத்தி எடுத்தார். மறுபக்கத்தில் ஆணி நுனியால் அத்தையைச் செதுக்கினார். முதல் காசைக் கையில் வாங்கிய அம்மா, "அய்யோ, அண்ணியேதான்" என்று அழுதாள்.

கள்ளக்காசு என்று தெருவில் பேச்சு கிளம்பி, எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பிப் போலீஸார் வந்தார்கள். அதிகாரி காசைத் திருப்பிப் பார்த்தார்.

"யார்யா இந்தப் பொம்பள?"

"எங்க வூட்டுக்காரிங்க. செத்துப்போச்சி."

அவர் காசை மறுபக்கம் திருப்பினார். பிறகு, "பின்னாடி சிங்கம் போட்டிருக்கியே, அது சர்க்கார் முத்திரை. ரூபா அடிக்க ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றார்.

"சிங்கத்த சொரண்டிடறேன் சார். மொகத்த மட்டும் குடுத்துடுங்க."

மாமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், மாலையில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அச்சும் காசுகளும் திரும்பி வரவில்லை.

சிங்கமில்லாமல் மறுபடி செதுக்கினார். முகம் வரவில்லை. ஒருமுறை அம்மாவின் முகம் வந்தது. இன்னொருமுறை யாரோ தெரியாத பெண். "மூக்கு இப்படியா இருந்துச்சி? நீ சொல்லு பாப்பா" என்று என்னைக் கேட்பார். கண்ணை மூடிப் பார்ப்பேன். சாம்பல் நிற ஈய முகம்தான் தெரியும், அத்தை தெரியமாட்டாள். "தெரியல மாமா" என்றதும் ஆணியைக் கீழே வைத்துவிடுவார். மழைக்காலம் வந்ததும் செதுக்குவதையே விட்டுவிட்டார். அதன்பின் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாமா இன்று இல்லை. அந்த வீட்டிடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. தலைவர் முகம் போட்ட அந்தப் பெரிய ரூபாயையும் கடைகளில் பார்க்க முடிவதில்லை. அம்மாவுக்கு மறதி நோய். சில பிற்பகல்களில் வாசலைப் பார்த்து, "அண்ணி வந்துட்டாங்க, ஒக்காரச் சொல்லு" என்பாள். நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, அத்தை முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

"இது என்ன கேள்வி? அண்ணி மாதிரிதான் இருக்காங்க" என்பாள்.